கடைசிப் பக்கமும் கடைவாய்ப் பல்லும்

பெருமதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் ஐயா அவர்கள் சமூகத்திற்கு,

தாங்கள் வெளியிட்ட நாவலின் ஆசிரியை பணிவுடன் எழுதிக்கொள்வது. (அட்டையில் இருக்கும் புனைபெயரைச் சொன்னால் எனக்கே யாரென்று தெரியக் கொஞ்ச நேரம் ஆகிறது. பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவள் என்றால் தங்களுக்கு உடனே ஞாபகம் வந்துவிடும்.) இங்கு நானும் என் வீட்டுக்காரரும் நலம். அங்கு தாங்களும், தங்கள் துணைவியாரும், அச்சகத்தில் அடிக்கடி நின்றுபோகும் அந்த இயந்திரமும் நலமாக இருக்க விழைகிறேன். தங்கள் பற்களின் நலத்தையும் அறிய ஆவல். இது தொழில் பழக்கம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நிற்க. சென்ற வாரம் தங்களுக்கு அனுப்பிவைத்த என் இரண்டாவது நாவலைத் தாங்கள் படிக்காமல், முடிந்தால் உறையைக்கூடப் பிரிக்காமல், திருப்பி அனுப்பிவிடும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் தாங்கள் ஏற்பாடு செய்திருக்கும் வாசகர் சந்திப்பையும் ரத்து செய்துவிட வேண்டுகிறேன். யாராவது காரணம் கேட்டால் ஆசிரியைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள். பல்வலி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், எங்கள் டாக்டர் காதுக்குப் போனால் என்னை நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்கச் சொல்லிவிடுவார்.

திடீரென்று இவளுக்கு என்ன வந்தது என்று தாங்கள் நினைக்கலாம். திடீரென்று ஒன்றும் வரவில்லை ஐயா. எனக்குள்ளே ஒருத்தி ரொம்ப காலமாகக் குடியிருக்கிறாள். நான் ஒரு வரி எழுதினால் போதும், "ஆமா, பெரிய இவ" என்று மோவாயைத் தோளில் இடித்துக்கொள்வாள். முதல் நாவலை, ஒரு நோயாளி உள்ளே போய் அடுத்தவர் வருவதற்குள் கிடைக்கிற இடைவெளியில், வரவேற்பு மேஜைக் கம்ப்யூட்டரிலேயேதான் அடித்தேன். என் விரல்கள் ஓயாமல் ஓடுவதைப் பார்த்து டாக்டர் மனம் மகிழ்ந்து எனக்கு முதுகு வலிக்காத நாற்காலி ஒன்று வாங்கிக் கொடுத்தார். அதில் உட்கார்ந்துதான் இரண்டாவது நாவலையும் முடித்தேன். இவ்வளவும் அவள் மோவாயை இடித்துக்கொண்டே இருக்கும்போது நடந்தது. தாங்கள் கடிதம் போட்டு அடுத்த கதை இருக்கிறதா என்று கேட்டபோது அவள் கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தாள் போலிருக்கிறது, அந்த நேரம் பார்த்துத் தபாலில் போட்டுவிட்டேன். இப்போது நன்றாக விழித்துக்கொண்டாள்.

முதல் நாவல் என்ன கதை என்று தங்களுக்குத் தெரியும். ஒரே வீட்டுக்குள் பல வருஷமாகப் பேசிக்கொள்ளாத கணவன் மனைவி, அவர் நாயிடம் பேசுவார், அவள் சுவர்க்கடிகாரத்திடம் பேசுவாள். இதை ஏன் திரும்பச் சொல்கிறேன் என்றால் தாங்கள் அதை நிஜமாகவே முழுசாகப் படித்தீர்களா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கோபிக்க வேண்டாம், எனக்கு எல்லார் மேலும் சந்தேகம்தான். புத்தகம் இரண்டு அட்டைப்பெட்டியாக வந்து இறங்கியபோது என் வீட்டுக்காரர் பெட்டியைப் பிரிக்கும் முன்பே "நல்லா இருக்கு" என்றார். அவர் ஜன்னல் திரைக்கும் அதைத்தான் சொன்னார், என் புது மூக்குக்கண்ணாடிக்கும் அதைத்தான் சொன்னார், குளியலறைக் குழாயை ரிப்பேர் பண்ண வந்தவர் ஒழுகலை இரண்டு மடங்காக்கிவிட்டுப் போனபோதும் அதையேதான் சொன்னார். தங்கமான மனுஷர், ஆனால் விமர்சகராக வைத்துக்கொள்ள முடியாது. நாத்தனாருக்கு ஒரு பிரதி கொடுத்தேன், விரலால் தடவிப் பார்த்துவிட்டு "பேப்பர் நல்ல தடிமனா இருக்கே" என்றார். தாங்கள் அருமை என்று எழுதினீர்கள், தாங்கள் விற்கிறவர், வேறென்ன எழுதுவீர்கள்? அதனால் இரண்டு பெட்டியையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒரே ஒரு பிரதியை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டு போய், ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கிற இடத்தில் பழைய பத்திரிகைகளோடு சேர்த்து வைத்தேன். புனைபெயர் என்பதால் ஒருத்தருக்கும் தெரியாது. என்னைத் தெரியாத ஒருத்தர், என்னிடம் ஆகவேண்டிய காரியம் ஒன்றும் இல்லாத ஒருத்தர், கதைக்காக மட்டும் இதைப் படித்துவிட்டால் நான் எழுத்தாளர், இல்லையென்றால் இந்த ஆசையோடு சரி என்று உள்ளே இருக்கிறவளோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன். அவளும் சரியென்றாள். அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

முதலில் எடுத்தவர் ஒரு லாரி டிரைவர். மேல்வரிசை, வலது பக்கம், கடைசிக்கு முந்தின பல். (முகம் எனக்கு மறந்துபோகும், பல் மறக்காது.) மனுஷர் இரண்டு பக்கம்தான் திருப்பியிருப்பார், கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டுகிறது. இரண்டாம் பக்கத்தில் அழுவதற்கு ஒன்றுமே கிடையாது ஐயா, நாய்க்குப் பிஸ்கட் போடுகிறார்கள், அவ்வளவுதான். இருந்தாலும் நமக்கே தெரியாமல் அந்தப் பிஸ்கட்டில் ஏதாவது சோகம் இறங்கிவிட்டதோ என்று நினைத்துத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். "ரொம்ப உருக்கமா இருக்குங்களா?" என்றேன். "உசிரு போகுதும்மா" என்றார். "எந்த இடத்துல?" என்றேன். "மேல, வலது பக்கம்" என்றார். நானும் பைத்தியக்காரி மாதிரி வலது பக்கத்து மேல் பத்தியைக் குனிந்து பார்க்கிறேன், அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகுகிறார். பல்லைப் பிடுங்கின பிறகும் அரை மணி நேரம் பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மறுபடியும் என் புத்தகத்தைத்தான் எடுத்தார். சரி, பல் போன பிறகும் தேடுகிறாரே என்று எட்டிப் பார்த்தால் புத்தகத்தைக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறார். பளபளப்பு அட்டை போட்டால் எடுப்பாக இருக்கும் என்று தாங்கள் சொன்னீர்களே, அது நல்ல குளிர்ச்சியாகவும் இருக்கிறது. அன்றைக்கு உள்ளே இருக்கிறவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கேட்காதீர்கள்.

அடுத்தவர் ஒரு கணக்கு வாத்தியார். கீழ்வரிசை முன்பல். மரத்துப்போக ஊசி போட்டு, கொஞ்ச நேரம் வெளியில உட்காருங்க என்று டாக்டர் அனுப்பியிருந்தார். அவர் படித்த வேகம் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது, பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார், நடுவில் நிறுத்துகிறார், பின்னால் போகிறார், திரும்ப வருகிறார். அப்புறம் எழுந்து என் மேஜைக்கு வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார் பாருங்கள், உதடு வேறெங்கேயோ போகிறது, எச்சில் ஒரு பக்கம் வழிகிறது, காற்று மட்டும் வருகிறது. புத்தகத்தைக் காட்டுகிறார், கையை மேலே தூக்கிச் சுற்றுகிறார், தலையை இரண்டு பக்கமும் ஆட்டுகிறார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கதை சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் நிற்கிறது என்கிறாரா, தலை சுற்றுகிறது என்கிறாரா, இதை எழுதினவளைச் சுற்றி வளைத்துப் பிடிக்க வேண்டும் என்கிறாரா? ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் அவரே போன் பண்ணினார். "மேடம், அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைச்சு வைங்க, பக்கம் பக்கமா பறக்குது, எங்க விட்டேன்னே தெரியல" என்றார். இவ்வளவுதான். நான் நாலு வருஷம் உட்கார்ந்து எழுதின நாவலைப் பற்றி ஒரு படித்த மனுஷருக்குச் சொல்ல இருந்தது ஃபேனைப் பற்றித்தான்.

மூன்றாவதாக வந்தது ஒரு தம்பதி, அவர்களால்தான் எனக்கு வேலையே போக இருந்தது. கணவருக்கு வேர் சிகிச்சை, நாலைந்து தடவை வர வேண்டியிருந்தது. இரண்டு பேரும் நடுவில் ஒரு காலி நாற்காலி விட்டு உட்காருவார்கள், ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். பல்வலிக்காரர் எப்படிப் பேசுவார் என்று நான் நினைத்துக்கொள்வேன். அந்தம்மா முதல் தடவையே என் புத்தகத்தை எடுத்தவர் அப்புறம் வருகிற ஒவ்வொரு தடவையும் நேராக அதைத்தான் போய் எடுப்பார். பேச்சுத் துணை இல்லாதவர் முகத்தை மறைத்துக்கொள்ள ஏதோ ஒன்று, அது மின்சார பில்லாக இருந்தாலும் எடுத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஆசை யாரை விட்டது? கடைசி நாள், அந்தம்மா கடைசி அத்தியாயத்துக்கு வந்திருக்கிற நேரம் பார்த்துக் கணவரின் டோக்கன் வந்துவிட்டது. அவர் உள்ளே போனால் கால் மணியில் வெளியே வந்துவிடுவார், கிளம்பிவிடுவார்கள், புத்தகம் முடியாது. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? அவருக்குப் பின்னால் இருந்தவரை முன்னால் அனுப்பினேன். அப்புறம் அதற்கும் பின்னால் இருந்தவரை. ஒருத்தருக்கு இது புரிந்துபோய், "என்னம்மா, ஆளைப் பார்த்து டோக்கனா?" என்று எழுந்து நின்றார், இன்னொருத்தர் அவருக்கு மேல் எழுந்தார், கன்னம் வீங்கினவர்கள் எல்லாம் சேர்ந்து சத்தம் போட்டால் எப்படி இருக்கும் தெரியுமா, ஒரு வார்த்தையும் புரியாது, கோபம் மட்டும் தெளிவாகப் புரியும். டாக்டர் கையுறையோடு வெளியே வந்துவிட்டார். என்னைவிடச் சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். "அக்கா, இது பல் ஆஸ்பத்திரியா, லைப்ரரியா?" என்றார், அந்தம்மா கையிலிருந்த புத்தகத்தை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்தம்மா வெறும் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் நாலு நாள் புத்தகத்தைத் தரவில்லை. நானும் கேட்கவில்லை, எந்த முகத்தோடு கேட்பது? அந்த நாலு நாளும் ஆஸ்பத்திரிக்கே நேரம் சரியில்லை. உள்ளே யாரும் இல்லை, மெஷின் சத்தமும் இல்லை, ஆனால் அடுத்தவரைக் கூப்பிட மணி அடிக்க மாட்டேன் என்கிறது. கதவைத் தட்டினால் "கருவி சுத்தம் பண்ற மெஷின் மக்கர் பண்ணுது அக்கா, கொஞ்சம் உட்காரச் சொல்லுங்க" என்பார். ஐந்தாம் நாள் மெஷின் தானாகவே சரியாகிவிட்டது, புத்தகமும் ஒன்றும் பேசாமல் என் மேஜைக்கு வந்தது. டாக்டர் அதைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. திட்டினாலாவது தேவலை.

இன்றைக்குக் காலையில் நடந்ததைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன். டெய்லர் ஒருவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். பிடுங்கின பல்லை வீட்டில் காட்ட வேண்டுமாம், காட்டாவிட்டால் நம்ப மாட்டார்களாம். பஞ்சு எடுத்து வருவதற்காக நான் உள்ளே போய் வருவதற்குள், மேஜையில் இருந்த என் புத்தகத்திலிருந்து கடைசிப் பக்கத்தை, டெய்லர் அல்லவா, ஒரு பிசிறு இல்லாமல் கிழித்து அதில் பல்லை வைத்து மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "கடைசிப் பக்கம்தானே, அதுக்குள்ள கதை முடிஞ்சிருக்கும்" என்று எனக்கே சமாதானம் சொல்லிவிட்டுப் போனார். ஐயா, அந்தக் கடைசிப் பக்கத்தை நான் எத்தனை தடவை எழுதி அழித்தேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அது இப்போது ஒரு சொத்தைப் பல்லைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே இருக்கிறவள் இந்தத் தடவை சிரிக்கக்கூட இல்லை. "விடு, போதும்" என்றாள். அவள் அப்படி அன்பாகப் பேசினதுதான் எனக்குத் தாங்கவில்லை. டோக்கன் மேஜைக்குப் பின்னால் குனிந்து, பேனா தேடுகிறவள் மாதிரி, கொஞ்ச நேரம் அழுதேன்.

ஆகவே ஐயா, ஒப்பந்தப்படி நான் தோற்றுவிட்டேன். இரண்டாவது நாவலைத் தயவுசெய்து அனுப்பிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்காகப் போட்டிருக்கும் நாற்காலிகளை வேறு யாருக்காவது பயன்படுத்திக்கொள்ளுங்கள். தாங்கள் என்மேல் வைத்த நம்பிக்கைக்கு என் ஆயுளுக்கும் நன்றி. தங்கள் குடும்பத்தில் பெரியவர்களுக்கு என் வணக்கங்களையும், சிறியவர்களுக்கு என் அன்பையும், எல்லாருக்கும் காலையும் இரவும் பல் துலக்கச் சொன்னதாகவும் தெரிவிக்கவும். ஈறு வீங்காத நீண்ட ஆயுளோடு தாங்கள் நல்ல நல்ல எழுத்தாளர்களின் புத்தகங்களாக வெளியிட்டுச் சிறப்பாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
டோக்கன் கொடுப்பவள்

பின்குறிப்பு: பின்குறிப்பு நீளமாகப் போனால் மன்னிக்கவும். உறையை ஒட்ட எச்சில் தொட்ட நேரம், அந்தம்மா வந்து நிற்கிறார். அதே அம்மாதான், வேர் சிகிச்சைக்காரரின் மனைவி. தனியாக வந்திருக்கிறார்.

"ஒரு டோக்கன் குடுங்க."

"அவருக்குத் திரும்பவும் வலிக்குதா?"

"அவருக்கு இல்ல, எனக்கு."

"எந்தப் பல்லுங்க?"

கொஞ்சம் யோசித்தார். "ஏதாவது ஒண்ணு போட்டுக்குங்க."

நான் இந்த மேஜையில் உட்கார்ந்த நாளிலிருந்து ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்லை. வலி தலைக்கேறிவிட்டது போலிருக்கிறது என்று டோக்கனைக் கொடுத்தேன். அவர் நேராகப் போய்ப் பத்திரிகைகளுக்கு அடியில் நான் காலையில் ஒளித்துவைத்த என் புத்தகத்தை உருவி, கடைசி அத்தியாயத்தைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் பின் அட்டையைத் திருப்பிப் பார்க்கிறார், மேஜைக்கு அடியில் குனிந்து தேடுகிறார். அதற்குள் மணி அடித்துவிட்டது, உள்ளே போனார். உள்ளே டக்கு டக்கென்று தட்டுகிற சத்தம், அப்புறம் எக்ஸ்ரே மெஷின் சத்தம், அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. டாக்டர் அவரை அழைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அக்கா, இவங்களுக்கு ஒவ்வொரு பல்லும் கல்லு மாதிரி இருக்கு. எதுக்கு டோக்கன் போட்டீங்க?"

அந்தம்மா தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சுக்குங்க டாக்டர். அன்னிக்கு நீங்க புத்தகத்தை வாங்கிட்டுப் போயிட்டீங்க, இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருந்துது. சும்மா வந்து உட்கார்ந்து படிச்சா விரட்டிடுவீங்களோன்னு பல்வலின்னு சொல்லிட்டேன்."

"அதுக்காக எக்ஸ்ரே எடுக்கற வரைக்குமா வாயைத் திறந்துக்கிட்டு இருந்தீங்க?"

"இவ்வளவும் பண்ணி, கடைசிப் பக்கம் மட்டும் இல்ல டாக்டர்."

"இல்லையா? நான் படிச்சப்ப இருந்துதே!" என்று சொல்லிவிட்டு டாக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் அவரைப் பார்த்தேன். "அப்ப அந்த மெஷின் மக்கர் பண்ணினது?" என்றேன். டாக்டர் முகம் சிவந்துபோய், அவசர வேலை இருக்கிற மாதிரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தம்மா என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீங்களாவது சொல்லுங்க. அந்தப் பொம்பளை கடைசியில அவர்கிட்ட பேசினாளா இல்லையா? எங்க வீட்டுலயும் அதே கதைதாங்க. பல்லு வலிக்குதுன்னுகூட அவர் என்கிட்ட வாய் திறந்து சொல்லல, கன்னம் வீங்கினதைப் பார்த்து நானாத்தான் இங்க கூட்டிட்டு வந்தேன். யார் முதல்ல ஆரம்பிக்கறதுன்னே தெரியாம வருஷம் ஓடிப்போச்சு. அவ எப்படி ஆரம்பிச்சான்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

"பேசினா" என்றேன்.

"நீங்க படிச்சிருக்கீங்களா?"

உள்ளே இருக்கிறவள் மோவாயைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் எதிரில் நிற்கிறவருக்குப் பல்லில் ஒன்றும் இல்லை ஐயா! வலி இல்லை, வீக்கம் இல்லை, மரத்துப்போகவில்லை. கதைக்காக மட்டும் வந்திருக்கிறார். "நான்தாங்க எழுதினேன்" என்று சொல்லிவிட்டேன். வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை, என் குரலே எனக்குப் புதுசாக இருந்தது.

"நீங்களா?" என்று என்னையும் டோக்கன் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். நான் தினமும் என்னைக் கேட்டுக்கொள்கிற அதே கேள்விதான். ஆனால் அடுத்ததாக, "எங்க வீடு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

காணாமல் போன பக்கத்தை நான் வாயாலேயே சொன்னேன். "'விளக்கை அணைச்சுடட்டுமா'ன்னு கேட்பா. கடிகாரத்துகிட்ட இல்ல, அவர்கிட்ட. 'வேணாம், கொஞ்ச நேரம் எரியட்டும்'னு அவர் சொல்லுவார். அதோட கதை முடியுது."

"அவ்வளவுதானா?" என்றார். எனக்கு உயிர் ஒரு தடவை போய்விட்டு வந்தது.

அவர் டோக்கனை என் மேஜையில் வைத்தார். "அவ்வளவுன்னா நானும் கேட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கிப் போனார்.

ஆகையால் ஐயா, மேலே எழுதியிருப்பது எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். இரண்டாவது நாவலைத் திருப்பி அனுப்ப வேண்டாம், உறையைப் பிரியுங்கள், படியுங்கள், குறை இருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறேன். கட்டிலுக்கு அடியில் இருக்கிற இரண்டு பெட்டியையும் வெளியே இழுத்து ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வருகிறேன். போனில் சொன்னதும் என் வீட்டுக்காரர் "நல்லா இருக்கு" என்றார், இந்தத் தடவை நானும் நம்பிவிட்டேன். டெய்லருக்கு ஒரு பிரதி எடுத்து வைப்பேன், முடிவு அவர் கையில் இருக்கிறது, ஆரம்பத்தையும் படிக்கட்டும். கணக்கு வாத்தியாரையும் அழைத்திருக்கிறேன், அதனால் நூலகத்தில் ஃபேனை மட்டும் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல்லவும். உள்ளே இருக்கிறவளும் வருவாள், அவளை எங்கே விட்டுவிட்டு வருவது? அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டுவிடுங்கள், கடைசி வரிசையில்.

வாசகர்களில் யாராவது கண்ணைத் துடைத்துக்கொண்டால், எந்தப் பல் என்று கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
எழுத்தாளர்